துறைமுகம் மூடியாச்சு

ஐந்து மணிக்கே கல்லை நெருப்பில் போட்டாயிற்று.
கல் சிவக்க மூன்று மணி நேரம்.
அதற்குள் பெலார்மினோ மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனான்,
அறுபது கிலோ மட்டி, நாற்பது கிலோ கரிய சிப்பி.
உதடு நீலம் பாரித்திருந்தது.
அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
ஆழத்துக்கு இங்கே தனி விலை கிடையாது.

எட்டு மணிக்குக் கப்பல் வந்தது.
காஸ்த்ரோவின் கால்முளைத்த வீடுகளுக்கு எதிரே
ஊரைவிடப் பெரிதாய் நின்றது.
பன்னிரண்டு மாடி. எண்ணியிருக்கிறேன்.
நூற்று இருபது பேர் குராந்தோ சாப்பிட இறங்குவார்கள்
என்று ஏஜென்ட் எழுதியிருந்தார்.
தொத்திறைச்சி தனித் தட்டில்.
பியூரே வேண்டவே வேண்டாம்.
அதன் சிவப்பும் மருந்து வாடையும்
போன முறை ஒரு அம்மாளை அழவைத்துவிட்டன.

குழிக்குள் கல். கல்மேல் சிப்பி.
அதன்மேல் கோழி, உருளைக்கிழங்கு, சாப்பலேலே,
மேலே நல்கா இலை, ஒவ்வொன்றும் குடை அளவு,
இலைமேல் புல்பத்தை, வேர் வானம் பார்க்க.
மூடினால் மூடியதுதான்.
உள்ளே சிப்பி ஒருமுறை வாய் திறந்துவிட்டால்
திரும்ப மூடு என்று யார் சொல்லியும் கேட்காது.

ஒன்பது பத்துக்கு யஸ்னாவின் போன்,
துறைமுக அலுவலகத்திலிருந்து.
"வடகாற்று. சின்னப் படகு இறக்க அனுமதியில்லை.
துறைமுகம் மூடியாச்சு, ஒத்திலியா."
எதுவரைக்கும் என்றேன்.
காற்றைக் கேள் என்று வைத்துவிட்டாள்.

கப்பல் நங்கூரத்தைச் சுற்றி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது,
அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவளைப் போல.
மாடங்களில் ஆட்கள்.
எங்கோ ஒரு தொலைநோக்கி மின்னியது.
என் புகையைத்தான் பார்க்கிறார்கள்.
படம் எடுக்க நல்ல புகை.

போன பருவத்தில் ஒரு டச்சுக்காரர்
கப்பலின் உணவுப் பட்டியலைக் காட்டினார், தங்க எழுத்து.
கடலுணவு இரவு. முதல் வரியில் சால்மன்.
இந்த நீரிலேயே கூண்டில் வளர்ந்து,
பனிக்கட்டியோடு மயாமிக்குப் பறந்து,
அங்கே கப்பலேறி
மறுபடி எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போகிற சால்மன்.
என் தங்கை ரோமினா
இடுக்கியால் முள் பிடுங்கியதாகக்கூட இருக்கலாம்.
அவள் மணிக்கட்டு இரவில் வலிக்கும்.
நான் அவரிடம் சொன்னது "நன்றாக இருக்கிறது" என்று மட்டும்.

ஒரு மணிக்குச் சங்கு ஊதியது.
முன்பணம் பாதி வந்திருந்தது.
மறுபாதி பன்னிரண்டு மாடியோடு
தெற்கே போய்க்கொண்டிருந்தது.

குழியைத் திறந்தோம்.
ஆவி எழுந்து என் கண்ணாடியை மூடிக்கொண்டது,
துடைத்துப் பார்த்தால்
காத்திருந்த டாக்ஸிக்காரர்கள் பதினான்கு பேரும் நிற்கிறார்கள்.
கம்பளிக் காலுறை விற்பவர்கள்.
வரவேற்புரையை ஜெர்மனில் மனப்பாடம் செய்த லேயாந்த்ரோ
அதைச் சிப்பி ஓடுகளுக்கு ஒப்பித்துக்கொண்டிருக்கிறான்.
இலவசம் என்று நான் சொல்லவில்லை.
விலை என்ன என்று யாரும் கேட்கவில்லை.
எழுந்து போனபோது பலகைமேல்
ஆப்பிள் சாராயம் அரை பாட்டில்,
காலுறை இரண்டு ஜோடி,
கசங்கிய நோட்டுகள் கொஞ்சம் கிடந்தன.

ஒளித்துவைத்திருந்த பியூரே வாளியை
அப்போதுதான் வெளியே எடுத்தேன்.
எலுமிச்சை, வெங்காயம், பச்சையாகவே.
வேலை முடிந்து வந்த யஸ்னா
நின்றபடி ஒன்பது சாப்பிட்டாள்,
விரலெல்லாம் சிவப்பு.
காற்றைத் திட்டினாள். நான் திட்டவில்லை.

மாலையில் ஏஜென்ட்டின் செய்தி:
வியாழன், அடுத்த கப்பல், நூற்று நாற்பது பேர்.
சைவம் பதினொன்று.
சிப்பி ஒத்துக்கொள்ளாதவர் ஆறு.
பியூரே வேண்டாம்.

சரி என்று அனுப்பினேன்.
குழியில் கல் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.
யாருடைய நாயோ அதன் ஓரத்தில்
ஈர வயிற்றைக் காயவைத்துக்கொண்டிருந்தது.
பெலார்மினோவுக்குச் சொல்ல வேண்டும்,
புதன்கிழமை, விடிவதற்கு முன்.